பருத்தி இலையில் ஓட்டை பார்த்த கதை

பனியன் செக்கிங் செய்பவன் முன்னால் எதையும் வெளிச்ச மேசையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. சும்மா இருக்க மாட்டான். ஓட்டை தேடித் தேடி என் கண் கெட்டுப்போய்விட்டது. வீட்டில் தோசை வார்த்துப் போட்டால்கூட, ஒரு நொடி கை அதைக் குறைச் சரக்கான செகண்ட்ஸ் பக்கம் தள்ளப் பார்க்கும்.

என் மனைவி கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தருகிறாள். அவள் துறையில் ஒரு பீரோ நிறைய காய்ந்த செடிகள். அந்தக் காலத்து ஆசிரியர்கள் மடத்துக்குளம், கொமரலிங்கம் என்று சுற்றிப் பறித்து, அழுத்தி உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டி, எங்கே எப்போது பறித்தது என்று ஓரத்தில் எழுதி வைத்தவை. அதிலிருந்து பருத்திச் செடிகள் இருந்த தாள்களை மட்டும், முதல்வரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தன் பொறுப்பில் எழுதிக்கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாடியில் இருக்கும் என் செக்கிங் யூனிட்டில் அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை இருக்கிறது. அதில் வைத்துப் படமெடுத்தால் இலை துல்லியமாகத் தெரியுமாம்.

எதற்குப் படம் என்று அவள் சொல்லித்தான் இருப்பாள். நான் "ஆமா, ஆமா" என்றும் சொல்லியிருப்பேன். எங்கள் தாம்பத்தியம் நிற்பதே அந்த இரண்டு ஆமாவின் மேல்தான்.

"ஏனுங்க, காலேஜுக்குப் போயிட்டு வந்து சாயங்காலம் போட்டோ எடுத்துக்கறேன். பத்திரமுங்க" என்று தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் விளக்கைப் போட்டேன். முதல் இலையிலேயே நாலைந்து ஓட்டை. அடுத்ததில் ஓரமெல்லாம் கடி. இன்னொன்றில் வெள்ளைக் கோடு கோடாக ஏதோ ஊர்ந்த தடம். எனக்கே அவமானமாகப் போய்விட்டது. இந்தச் சரக்கையா பெண்டாட்டி படமெடுத்து ஊருக்குக் காட்டப் போகிறாள்? ஒரு உதவி செய்வோம் என்று உட்கார்ந்தேன். முழுசான இலை இருந்த தாள்கள் வலது பக்கம். ஓட்டை விழுந்தவை எல்லாம் இடது பக்கக் கூடைக்கு. அந்தக் கூடையில்தான் தினமும் கழித்த பீஸ் போடுவேன். பிறகு எடுத்து வைக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் வேஸ்ட் எடுக்கும் டெம்போ வந்து ஹாரன் அடித்தது. தினப்படிப் பழக்கத்தில் கூடையை அப்படியே சாக்கில் கவிழ்த்தேன். தூக்கிவிட்டதும் நானேதான். டிரைவர் "வரனுங்கண்ணா" என்றான். "பாத்துப் போ சாமி" என்று டாட்டா காட்டினேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அவள் போன்.

"ஏனுங்க, ஒரு ஒத்தாசை. ஓட்டை இருக்கற தாளையெல்லாம் தனியா எடுத்து வெக்கறீங்களா? அதுதான் எனக்கு முக்கியம். அந்தக் காலத்துல பூச்சி எவ்வளவு தின்னுச்சு, இப்ப எவ்வளவு திங்குதுன்னு பாக்கோணும்."

"தனியா எடுத்தாச்சு அம்மிணி" என்றேன். பொய்யில்லை. நல்ல தூரத்துக்கே எடுத்தாயிற்று.

வேஸ்ட் குடோன் முதலிபாளையத்தில். ஸ்கூட்டரைக் கிளப்பிப் பாதித் தூரம் போன பிறகுதான் தலையில் ஹெல்மெட்டுக்குப் பதில் அவளுடைய வெயில் தொப்பி இருப்பது தெரிந்தது. போகிற வழியெல்லாம் ஒரே எண்ணம்: அங்கே துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும் மிஷின் ஓடும். பருத்தி இலையும் பருத்தித் துணியும் ஒன்றாகப் போய்ப் பஞ்சாகி, நூலாகி, பனியனாகி என்னிடமே செக்கிங்குக்கு வந்தால்? கழிக்கவா, பாஸ் போடவா?

குடோனுக்குள் காற்றில் காக்கித் தூசி பறந்தது. போச்சு, அவள் ஆராய்ச்சிதான் பறக்கிறது என்று, "நிறுத்துங்க! மிஷினை நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

மிஷின் ஓட்டிய வடநாட்டுப் பையன் திகைத்து நிறுத்தினான். அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. உள்ளங்கையை இலையாக விரித்து, மறு கையைப் பூச்சியாக்கி நெளியவிட்டு, வாயை வைத்துக் கடித்துக் காட்டினேன். அவன் என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தான். உள்ளே போய் டப்பாவைத் திறந்து ஒரு சப்பாத்தியை என் கையில் வைத்தான்.

குடோன்காரர் வந்தார். "ஏனுங்க, ஊட்ல சோறு போடலீங்களா?"

"எலைங்க! தாள்ல ஒட்டுன எல! உங்க சாக்குல வந்துருச்சுங்க!"

"காஞ்ச எலைக்கா இந்தப் பாடு படறீங்க?"

கலர் வாரியாகத் துணி பிரித்துக்கொண்டிருந்த தென்காசிப் பக்கத்து அம்மா ஒருத்தி சிரித்தாள். "அண்ணாச்சி, அட்டை அட்டையா வந்துச்சே, அதுவா? மிஷின்ல பேப்பர் போனா ஓனர் வைவாருன்னு தனியா எடுத்துப் போட்டேன்லா."

"எங்கம்மா போட்டே?"

அவள் கொஞ்சம் கூச்சத்துடன் எழுந்தாள். தாள்கள் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டு, மேலே ஒரு பழைய டவல் விரிக்கப்பட்டு இருந்தன. இந்தச் செடிகள் தங்கள் ஆயுளில் இவ்வளவு நன்றாக அழுத்தப்பட்டதே இல்லை என்று நினைக்கிறேன். அந்த அம்மாவைக் கும்பிட்டேன். அவள் என் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

சாயங்காலம் மனைவி வந்தபோது தாள்கள் மேசைமேல் இருந்தன. ஒவ்வொன்றாக விளக்கில் வைத்து லென்ஸால் பார்த்தாள். நான் எதிரில் நின்று, அவள் கேட்காமலே மேல்மாடித் தண்ணீர் தொட்டியைப் பற்றிப் பேசினேன்.

"இலையில ரோஸ் கலர் பிசிறு ஏனுங்க ஒட்டியிருக்குது?"

"ஃபேன் காத்துல..."

அவள் அடுத்த தாளை எடுத்தாள், லென்ஸ் அதிலேயே நின்றது. "இங்க வாங்க. இந்த ஓட்டையைச் சுத்திப் பழுப்பா விளிம்பு கட்டியிருக்குதா? செடி உசுரோட இருக்கறப்ப கடிச்சா, புண்ணு ஆறுனாப்பல இப்படி வடு விழும். செடி காஞ்ச பொறகு விழற ஓட்டைக்கு வடு இருக்காது. இது பாருங்க, வடுவே இல்லை. தாளும் சேந்து ஓட்டை. எந்தப் பூச்சிங்க இது?"

பூச்சியில்லை, குடோனில் மூட்டை தூக்கும் கொக்கி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்தி வரைக்கும்.

அவள் முகம் சுண்டிப்போனது. "முதல்வருகிட்ட என்ன சொல்லுவேன்? என் பொறுப்புன்னு எழுதிக்குடுத்திருக்கேன்." மீதித் தாள்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மற்றதெல்லாம் பழைய ஓட்டைகள்தான். இவ்வளவு ஓட்டையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான்.

கடைசியில் நான் பாஸ் போட்டு வைத்திருந்த வலது பக்கத் தாள்களை எடுத்தாள். ஒரு குறை இல்லாத இலைகள். பெருமூச்சு விட்டாள். "இதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. பறிக்கறப்பவே அழகான இலையாப் பொறுக்கி ஒட்டியிருக்காங்க. அதை வெச்சுக் கணக்குப் போட்டா, அந்தக் காலத்துல பூச்சியே இல்லைன்னு ஆயிரும். உங்களாட்டம் ஆளுக எல்லாக் காலத்துலயும் இருந்திருக்காங்க."

பிறகு கொக்கி கிழித்த இலைக்குப் பக்கத்தில், இன்னொரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிச் சொருகினாள். எட்டிப் பார்த்தேன். 'இந்த ஓட்டை பறித்த பின் ஏற்பட்டது. கணக்கில் சேர்க்க வேண்டாம்.'

"யாரு செஞ்சதுன்னு போடலையா அம்மிணி?"

"இந்தத் தாள் நாம போன பொறகும் பீரோவுல இருக்குமுங்க" என்றாள் தலை நிமிராமல். "நாளைக்கு முதல்வருகிட்ட நீங்களே வந்து சொல்லிக்குங்க. அவரு ஒருத்தரு சிரிச்சாப் போதும்."