நால்வர் ஏறிய படகும் ஊராட்சியின் பொதுப் பக்கமும்

சிங்காரம் என் அத்தை மகன். நம் குடும்ப வரலாற்றில் அவரைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, "தொழில் கடல், பேச்சு குறைவு" என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். ஆனால் அவ்வளவு குறைவாகப் பேசுகிறவர், பேசிய குற்றத்துக்காக ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்கப்பட்டிருக்கிறார். ஆகவே பக்கம் நீண்டுவிட்டது. பின்னால் வரும் பிள்ளைகள் தவறாகக் கேள்விப்படுவதற்கு முன், நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது நல்லது.

பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கம் எங்கள் குப்பத்திலிருந்து நன்றாகத் தெரியும். எங்கோ போகும் கப்பல்களுக்கெல்லாம் அது வழி காட்டுகிறது. அதைப் பார்த்தபடியே படகு ஏற்றும் எங்கள் கரையில் மட்டும் ஒரு விளக்கும் இல்லாமல் இருந்தது. விடியற்கருக்கலில் படகுகள் வந்து சேரும்போது, மீன் பிரிக்க இரண்டு கையும் வேண்டியிருப்பதால், பெண்கள் செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்காருவார்கள். அப்படிப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு நாள் சிங்காரத்தின் மனைவி வேலம்மா, வலையிலிருந்து நழுவி மணலில் கிடந்த கெளுத்தியை மிதித்துவிட்டார். முள் குதிகாலுக்குள் ஒடிந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். புண் ஆறிற்று, நடை நேராகவில்லை.

அடுத்து வந்த ஊராட்சித் தேர்தலில் சிங்காரம் வார்டு உறுப்பினருக்கு நின்றார். படகுகள் ஏறும் கரையில் ஒரு ஹைமாஸ் லைட் என்பதே அவருடைய ஒரே வாக்குறுதி. எதிர்த்து நின்றவர் தானியேல். அவருக்கு வீடு குப்பத்தில், தேநீர்க் கடை பேருந்து நிறுத்தத்தில். அதே விளக்கு பேருந்து நிறுத்தத்துக்கு வரவேண்டும் என்பது அவருடைய வாக்குறுதி. சிங்காரம் வென்றார். தானியேல் அன்றிலிருந்து சட்டம் படிக்கத் தொடங்கினார்.

மன்றத்தில் மொத்தம் ஏழு உறுப்பினர்கள். கரையோர வார்டுகளிலிருந்து வந்தவர்கள் நால்வர்: சிங்காரம், படகுக்காரர் அங்கமுத்து, சுப்பராயலு, சுப்பராயலுவின் மகன் வினோத். இந்த நால்வரும் அங்கமுத்துவின் ஒரே ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். பொறுப்பான ஆட்கள் என்று ஊர் யாரைக் கருதியதோ, அவர்களையே அங்கமுத்துவும் கருதிப் படகில் சேர்த்திருந்தார். மற்ற மூவரும் பேருந்து நிறுத்தத்துப் பக்கத்தவர்கள். சமனானால் முடிவு சொல்லவேண்டிய தலைவரும் அந்தப் பக்கத்தவரே. ஆகவே விளக்கு கரைக்கு வர அந்த நான்கு வாக்கும் குறையாமல் வேண்டும். ஒரே படகு, நான்கு வாக்கு என்று குப்பம் மகிழ்ந்தது. அதில் ஒரு சட்டச் சிக்கல் மிதந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஒன்றியத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி நேர்மையானவர். அதைச் சுற்றறிக்கைகளால் நிறுவும் வழக்கமுள்ளவர். உறுப்பினர்கள் தேநீர்க் கடைகளிலும் வாட்ஸப் குழுக்களிலும் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, மன்றத்துக்கு வந்து கையை மட்டும் தூக்குகிறார்கள் என்பது அவருக்கு எட்டியிருந்தது. இனி உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஓரிடத்தில் சேர்ந்து ஊராட்சி விஷயம் பேசினால் அது கூட்டம். கூட்டமென்றால் முன்னறிவிப்பு வேண்டும், பொதுமக்கள் வந்து கேட்க இடம் வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். மூடிய குழுக்கள் கலைக்கப்பட்டன. பதிலுக்கு ஃபேஸ்புக்கில் ஊராட்சியின் பெயரில் ஒரு பொதுப் பக்கம் திறந்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசவேண்டியதை அங்கே எழுதிக்கொள்ளலாம் என்றார்.

உத்தரவை எல்லோரும் கேட்டார்கள். சிங்காரம் ஒருவர்தான் அதை நம்பினார்.

அதன்பின் பிற்பகல்களில் எங்கள் கரை ஒரு புதுக் காட்சியைக் கண்டது. நால்வரும் வலைக் கொட்டகையில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து வலை தைப்பார்கள். நடுவில் ஒருவர் ஊசியை வைத்துவிட்டுச் செல்போனை எடுப்பார். சற்று நேரத்தில் மற்ற மூன்று செல்போன்களும் ஒலிக்கும்.

"இன்னா மச்சான் எழுதிக்கிற?" என்று அங்கமுத்து கேட்பார்.

"படிச்சிப் பாரு."

"கண்ணாடி வூட்ல கீதுப்பா. வாயால சொல்லேன்."

"வாயால சொன்னா கூட்டம்," என்பார் சிங்காரம்.

"மாமா, லைக் போட்டா அது ஓட்டாயிடுமா?" என்று வினோத் கேட்டான்.

சிங்காரம் நெடுநேரம் யோசித்து, லைக் வேண்டாம் என்று பொதுப் பக்கத்திலேயே பதில் எழுதினார். அதற்குத் தானியேல் ஒரு லைக் போட்டார்.

கடலில் நிலைமை இன்னும் மோசம். கரை கொஞ்சம் விலகியதுமே சிக்னல் போய்விடும். பொதுப் பக்கம் இல்லை, ஆகவே பேச்சும் இல்லை. மீன், காற்று, கல்யாணம், சினிமா ஆகியவற்றுக்குச் சிங்காரம் தடை சொல்லவில்லை. ஆனால் குப்பத்தில் எதைத் தொட்டாலும் அது ஊராட்சியில்தான் போய் முட்டும். தண்ணீர் என்று தொடங்கினால் குழாய். மழை என்று தொடங்கினால் சாலை. அப்போதெல்லாம் இன்ஜினைப் பிடித்தபடியே கையை உயர்த்தி, "அது அஜெண்டால கீது," என்பார். ஒருமுறை சுப்பராயலு தமக்குக் கொசுக்கடி என்று சொல்லத் தொடங்கி, மருந்தடிப்பு நினைவுக்கு வர, பாதியில் நிறுத்திக்கொண்டாராம்.

"நைனா, சொறிஞ்சிக்கோ. அதுக்குச் சட்டத்துல எடம் கீது," என்றான் மகன்.

இப்படிக் காத்துவந்த விரதம் ஒரு விடியலில் முறிந்தது. வாடைக் காற்றும் மேகமுமாகக் கரை இருண்டு கிடந்தது. ஏறுமிடம் தெரியாமல் படகு அலையில் பக்கவாட்டாகத் திரும்பிக் கவிழப் பார்த்தது. அங்கமுத்து வாய்விட்டுக் கத்தினார்: "அந்த லைட்டு இருந்திருந்தா இந்த ரோதனை உண்டா!" சுப்பராயலு "ஆமா" என்றார். வினோத் "அடுத்த கூட்டத்துல போட்டுத் தள்ளிடலாம்" என்றான். சிங்காரமும், படகை நேராக்கும் மும்முரத்தில், "உம்" என்றார்.

கரை ஏறியதும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. மணலில் உட்கார்ந்து பொதுப் பக்கத்தில் இவ்வாறு எழுதினார்: "இன்று விடியலில் படகில் உறுப்பினர் நால்வரும் லைட் விஷயம் பேசிவிட்டோம். அங்கமுத்து வேண்டும் என்றார். சுப்பராயலு ஆமா என்றார். வினோத் அடுத்த கூட்டத்தில் முடிக்கலாம் என்றார். நான் உம் என்றேன். பொதுமக்கள் அறியவும்."

பொதுமக்களில் முதலில் அறிந்தவர் தானியேல். மன்றத்தின் பெரும்பான்மை நாள்தோறும் முன்னறிவிப்பின்றிக் கடலில் கூடுகிறது, அங்கே பொதுமக்கள் வந்து கேட்க இடமில்லை, ஆகவே விளக்குப் பொருளில் அந்த நால்வரின் வாக்கும் செல்லாது என்று அவர் மனுக் கொடுத்தார். ஆதாரமாகச் சிங்காரத்தின் பதிவையே இணைத்திருந்தார்.

வேலம்மாவுக்குச் செய்தி வினோத் வழியாக எட்டியது. அன்று அவர் பேசியதில் எழுதத்தக்கது இவ்வளவே: "யோவ், ஊரே திருட்டுத்தனமா பேசுது, ஒருத்தனும் மாட்டல. நீ 'உம்'னு சொன்னத எழுதி மாட்டிக்கினியே! அந்த லைட்டு வரலைன்னா இனிமே நீயே டார்ச்ச கடிச்சிக்கினு குந்து."

விசாரணையில் அதிகாரி கேட்டார்: "படகுல லைட்டைப் பத்திப் பேசினீங்களா?"

"பேசினோம் சார். எழுதியிருக்கேனே."

"ஒத்துக்கினாரு சார்!" என்றார் தானியேல்.

அதிகாரி சங்கடப்பட்டார். தம் உத்தரவை இவ்வளவு சுத்தமாகப் பின்பற்றிய ஒரே ஆளைத் தண்டிப்பது அவருக்கும் உறுத்தியிருக்கவேண்டும். அதே பேச்சை முறையாக அறிவித்து, பொதுமக்கள் வந்து கேட்கும்படி மறுபடி பேசினால் குறை தீர்ந்துவிடும். இல்லையேல் அடுத்த மன்றக் கூட்டத்தில் நால்வரும் இந்தப் பொருளில் வாக்களிக்க முடியாது என்றார்.

மற்றவர்களாயிருந்தால் பள்ளிக்கூடத்தில் நான்கு நாற்காலி போட்டுப் பேசியிருப்பார்கள். சிங்காரம் தானியேலின் மனுவை மறுபடி படித்தார். படகில் பொதுமக்களுக்கு இடமில்லை என்பதல்லவா அதில் குறை? ஆகவே இடம் கொடுத்தார். பொதுப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது: படகில் கூட்டம், கருக்கலில் கரை ஏறும் நேரம், விரும்பும் பொதுமக்கள் முந்தின மாலையே வந்து ஏறிக்கொள்ளவும்.

"பொதுமக்களுக்கு மீன்ல பங்கு உண்டா மாமா?" என்று வினோத் அதன்கீழ் எழுதினான்.

ஏற வந்த பொதுமக்கள் தானியேல் ஒருவரே. வராவிட்டால் கூட்டம் செல்லுபடியாகிவிடும், வந்தால் ஏதேனும் விதிமீறலைப் பிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. தலைமுறைகளாகக் கடற்கரையில் வாழ்ந்தும் கடல் ஒவ்வாத வயிறு அவருடையது என்பதை அவரே மறந்திருந்தார்.

நடந்ததை நால்வரிடமும் தனித்தனியே கேட்டேன். ஒரே மாதிரிதான் சொன்னார்கள். கரை நெருங்கியதும் சிங்காரம் இன்ஜினைத் தணித்துக் கூட்டத்தைத் தொடங்கினார். அங்கமுத்து, சொல் பிசகாமல், அந்த லைட்டு இருந்திருந்தா இந்த ரோதனை உண்டா என்றார். சுப்பராயலு ஆமா என்றார். வினோத் தன் வாக்கியத்தைச் சொன்னான். சிங்காரம் 'உம்' என்பதற்கு முன் பின்பக்கம் பார்த்தார். தானியேல் படகின் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டுக் கிடந்தார்.

"பொதுமக்கள் வாந்தி எடுக்குது. கூட்டத்தை ஒத்தி வெக்கலாமா?" என்றார் அங்கமுத்து.

"காது கேக்குதில்ல, போதும்," என்று சொல்லிச் சிங்காரம் 'உம்' என்றார். கூட்டம் முடிந்தது.

படகு கரை தட்டியது. தானியேல் முதல் ஆளாக இறங்கக் காலைத் தூக்கினார். கீழே தண்ணீரா மணலா என்று தெரியவில்லை. தூரத்தில் கலங்கரை விளக்கம் யாருக்கோ சுழன்றது. கரையில் பெண்களின் வாயிலிருந்து சிறு வெளிச்சங்கள் ஆடின. தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, அவர் அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "இன்னாய்யா கரை இது! ஒரு லைட்டு கூட இல்லாம மனுசன் எப்டிய்யா எறங்கறது? இந்த ஊராட்சி இன்னாதான் பண்ணிக்கினு கீது?"

வேலம்மா சாய்ந்த நடையில் வந்து, டார்ச் கடித்த வாயோடு, அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அந்த வாயால் அப்போது எதுவும் சொல்ல முடியாமல் போனது தானியேலின் அதிர்ஷ்டம்.

சிங்காரம் மணலில் உட்கார்ந்து கூட்ட நடவடிக்கையைப் பொதுப் பக்கத்தில் ஏற்றினார். கடைசி வரி: "பொதுமக்கள் தரப்பில் திரு. தானியேல் கலந்துகொண்டு, கரையில் விளக்கு இல்லாதது குறித்து ஊராட்சியைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்." மறுக்கத் தானியேலுக்கு வழியில்லை, கரையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். அதிகாரி குறை தீர்ந்தது என்று எழுதியதோடு, இந்தப் பொருளில் பொதுமக்களின் கருத்து ஒருமனதாகக் கரைக்கே ஆதரவு என்றும் சேர்த்தார். மன்றத்தில் நான்குக்கு மூன்று என்று தீர்மானம் நிறைவேறியது.

விளக்கு இப்போது நிற்கிறது. அதனடியில் நால்வரும் வலை தைக்கிறார்கள். ஒருவர் முகம் மற்றவருக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் செல்போனில்தான் எழுதிக்கொள்கிறார்கள், ஏனெனில் சிங்காரத்தைப் பொறுத்தவரை உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது. தானியேல் விடியலில் ஒரு கேன் தேநீரோடு விளக்கடிக்கு வருகிறார்.

வேலம்மா இரண்டு கையாலும் மீன் பிரிக்கிறார். வாயில் டார்ச் இல்லை. தண்ணீர்க் குழாய், சாலை, கொசு மருந்து, தேநீரின் விலை என்று அஜெண்டாவில் உள்ளதும் இல்லாததுமாக, படகு கரை தட்டியது முதல் மீன் தீரும்வரை அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். உறுப்பினர்கள் நால்வரும் குனிந்து கேட்டுக்கொள்கிறார்கள். அவர் உறுப்பினர் இல்லையாதலால், அது கூட்டம் ஆகாது.