ஜெனோனாஸின் காது

எங்கள் ஊரில் வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் கூப்பிடுவது பொறியாளரை அல்ல, ஜெனோனாஸை. அவர் ஓர் இரும்புத் தடியோடு வருவார். நிலத்தில் நாலு எட்டுக்கு ஒரு தட்டு தட்டுவார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, ஈரமோ பனியோ பார்க்காமல் குப்புறப் படுத்து மண்ணில் காதை வைப்பார். எழுந்ததும் "கட்டு" என்பார், இல்லாவிட்டால் பேசாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் பேசாமல் போன இடத்தில் யாரும் கட்டியதில்லை.

லிதுவேனியாவின் வடக்கு மூலையில் இருக்கும் எங்கள் பக்கத்து மண் அப்படி. அடியில் இருக்கும் பாறையைத் தண்ணீர் கரைத்துத் தின்றுகொண்டே இருக்கும். மேலே புல் பச்சையாக இருக்கும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய்விடும். என் சித்தப்பா தோட்டத்து ஆப்பிள் மரம் ஒன்று காலையில் நின்றது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் அதன் உச்சிக் கிளை மட்டும் புல் மட்டத்தில் தெரிந்தது. கிளையில் பழங்கள் அப்படியே இருந்தன. ஒருவரும் பறிக்கப் போகவில்லை.

இந்த ஜெனோனாஸ்தான் முப்பது வருஷமாக எங்கள் கூடைப்பந்து அரங்கத்தின் காவலாளி, தரை துடைப்பவர், விளக்குப் போடுபவர், எல்லாம். ஒல்லியான ஆள், மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஆடுகளத்தின் மரப்பலகைகளை மரச்சுத்தியலால் ஒன்று விடாமல் தட்டிப் பார்ப்பார். நான் புள்ளிக்கணக்கு எழுதும் மேசையில் உட்காருகிறவள். அவர் தட்டுவதைக் கேட்டுக்கொண்டே காகிதங்களை அடுக்குவேன். அவர் என்னிடம் பேசியதை எண்ணினால் ஒரு பக்கம் நிரம்பாது. ஆனாலும் அந்த ஊரில் எனக்குப் பிடித்த மனிதர் அவர்தான். இப்போது அதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது.

க்விதாஸ் எங்கள் அணியின் நெட்டையன். இரண்டு மீட்டருக்கு மேலே ஒரு சாண். கடற்கரை ஊர்க்காரன், நாலு பருவம் எங்களுக்காகக் கூடைக்குக் கீழே நின்று அடி வாங்கியவன். வீடு வாங்கிவிட்டான். மகள் எங்கள் பள்ளியில் முதல் வகுப்பு முடித்திருந்தாள். வயது முப்பத்துமூன்று. அந்த வசந்தத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் கேட்டான். கிடைத்தால் எங்கள் ஊரிலேயே ஆடி முடித்து இங்கேயே இருந்துவிடுவான். கிடைக்காவிட்டால் அந்த வயதில் வேறு எந்த அணியும் சீந்தாது.

எங்கள் சங்கத் தலைவருக்குத் தானாக முடிவெடுக்கும் பழக்கம் இல்லை. ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அதனால் அரங்கத்துச் சிற்றுண்டிக் கடையில், பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டித் தட்டுகளுக்கும் பீருக்கும் நடுவில், ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது.

ஆட்டத்தின்போது எங்கள் அணிக்குக் கொட்டு அடிக்கும் ப்ரோனியுஸ், டிராக்டர் மெக்கானிக், எதிர்க்கட்சி.

"முப்பத்துமூணு வயசுக்காரனுக்கு ரெண்டு வருஷமா? என் பட்டறையில அதைவிடப் புது டிராக்டர் நிக்குது, அதையே ஒருத்தனும் வாங்க மாட்டேங்குறான்."

"உன் டிராக்டர் ஒரு ஆட்டத்துக்குப் பத்து பந்து பிடிக்குமா?" என்றேன்.

"போன வருஷம் பத்து. இந்த வருஷம் எட்டு. நீதான எழுதுன, தங்குவோலே? நீயே பொய் சொல்லாத."

"எட்டு போதாதா? அவன் நிக்குறான்னு தெரிஞ்சா எவனாவது உள்ள வர்றானா? வராம ஓடுனவனை எந்தக் கணக்குல எழுதச் சொல்ற?"

"அப்ப ஒரு பீரோவைக் கொண்டாந்து நிறுத்து. அதுக்குச் சம்பளம் வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன், அது எனக்கே தெரிந்தது. பாதிப் பேருக்கு மேல் என் பக்கம் தலையாட்டினார்கள். அப்போது ப்ரோனியுஸ், மூலையில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்த ஜெனோனாஸைப் பார்த்தான்.

"அண்ணே, கிட்ட இருந்து பாக்குறது நீங்கதான். நீங்க சொல்லுங்க, அவனுக்கு ரெண்டு வருஷம் தகுமா?"

ஜெனோனாஸ் மென்று முடித்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார்.

"இடது கால் உள்ள காலியா இருக்கு," என்றார். "குதிச்சு இறங்குறப்ப கேக்குது."

கடைக்காரி பீர்க் குழாயை மூடிவிட்டாள். வேறு ஊராக இருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 'காலி' என்ற சொல்லை அந்த வாயிலிருந்து கேட்ட பின், எங்களில் ஒருவரும் அங்கே காலை வைக்க மாட்டோம். நானும் அப்படித்தான். வாதத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன், என் கையெழுத்தில் நாலு வருஷக் கணக்கு இருந்தும்.

பெரிய நகரத்து மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். எலும்பும் மூட்டும் சுத்தம் என்று வந்தது. "மெஷினுக்குக் காது இருக்கா?" என்று ப்ரோனியுஸ் கேட்டான், கதை முடிந்தது. மாதாமாதம் ஒப்பந்தம் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் இழுத்தார். க்விதாஸ் மானஸ்தன், வேண்டாம் என்றுவிட்டான்.

மறுநாள் மத்தியானம் அவன் அரங்கத்துக்கு வந்தான். நான் மேசையறையில் இருந்தேன், ஜெனோனாஸ் தரை துடைத்துக்கொண்டிருந்தார். அவன் கோபமாக வரவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"மாமா, என்ன கேட்டுச்சு உங்களுக்கு?"

"அடியில ஒண்ணும் இல்லாத சத்தம்."

"எப்பவுமா?"

"ரெண்டாவது பாதியில."

"மொத பாதியில இல்லையா?"

"இல்ல. கால் களைச்சாத்தான் தெரியும். களைச்ச கால் மறைக்காது."

க்விதாஸ் குனிந்து தன் இடது முழங்காலைப் பார்த்தான். அதை முதல்முறை பார்ப்பவன் மாதிரி வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒரு விரலை மடக்கி அதன்மேல் மெல்லத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டான். எனக்கு எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. போகவில்லை.

ஆகஸ்டில் வீட்டை விற்றுவிட்டு நார்வேக்குப் போனார்கள். அங்கே மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலை. எங்கள் ஊரில் பாதி வீடுகளிலிருந்து யாராவது அப்படிப் போனவர்கள்தான், அதனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அக்டோபரில் முதல் ஆட்டம். அவன் இடத்துக்கு லாத்வியாவிலிருந்து ஓர் இருபத்திரண்டு வயது நெட்டையனைப் பிடித்து வந்திருந்தார்கள். முதல் பாதி ஒழுங்காகப் போனது. இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறின. எங்கள் ஆட்கள் தெற்குக் கூடையைக் காக்க வந்தார்கள், எப்போதும் போல. லாத்வியன் எகிறிப் பந்தைப் பிடித்து இறங்கினான்.

நான் தற்செயலாக ஜெனோனாஸைப் பார்த்தேன். ஆடுகளக் கோட்டுக்கு வெளியே துடைப்பத்தோடு முட்டி போட்டிருந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. லாத்வியன் மறுபடி குதித்தான். ஜெனோனாஸ் கண்ணை மூடினார். அரங்கம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது, ப்ரோனியுஸின் கொட்டு வேறு. அத்தனைக்கும் அடியில் அவர் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் என் நாற்காலியின் கால்கள் வழியாக ஏதோ வந்தது. பேனா தானாக மேசையில் ஒரு விரல் நகர்ந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றார். அதுவரை அவர் என் வீட்டுக்கு வந்ததே இல்லை.

"வா," என்றார்.

ஆளில்லாத அரங்கத்தில் என்னைத் தெற்குக் கூடைக்குக் கீழே நிற்கச் சொன்னார். அவர் பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார்.

"குதி."

"என்னையா? நான் அறுபது கிலோதான் அண்ணே."

"குதி, தங்குவோலே."

குதித்தேன். சத்தம் மேலே வரவில்லை. என் காலடியிலிருந்து கீழே போனது. போய், இன்னும் போய், எங்கோ நின்றது. எனக்கு உள்ளங்கால் கூசியது. விலகி ஓடிச் சுவரோரம் நின்றுகொண்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. பலகையில் கன்னம் ஒட்டியபடியே கிடந்தார்.

"நான் பலகையைத் தட்டுனேன்," என்றார். "முப்பது வருஷமா பலகையை மட்டும்தான் தட்டுனேன். இது என் தரைன்னு நெனச்சேன்."

அவரே தலைவரிடம் போய்ச் சொன்னார். அரங்கத்தை அன்றே பூட்டினார்கள். துளை போட்டுப் பார்த்ததில் தெற்குக் கூடைக்கு நேர் கீழே, ஒரு முழக் கனத்துக்கு மண்ணும் காரையும், அதற்கு அடியில் பதினொரு மீட்டர் வெறும் இருட்டு. நாலு பருவம் அதன் மேல் ஒரு நூற்றுப்பதினைந்து கிலோ மனிதன் எகிறி எகிறிக் குதித்திருக்கிறான். ப்ரோனியுஸ் அந்தத் துளைக்குள் ஒரு சிறு கல்லைப் போட்டான். விழுந்த சத்தத்தைக் கேட்க நாங்கள் காத்திருந்தோம், கேட்கவே இல்லை. அவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனோனாஸ் என் சமையலறைக்கு வந்து, க்விதாஸுக்குப் போன் போடச் சொன்னார். நான் ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"க்விதாஸ், நான் ஜெனோனாஸ். தப்பு என் மேல. அது உன் கால் இல்ல, தரை. தெக்குப் பக்கம் அடியில பள்ளம். தலைவர் கிட்டப் பேசிட்டேன், ஒப்பந்தம் தர்றேன்னுட்டார். பக்கத்து ஊர் அரங்கத்துல ஆடப்போறோம். வந்துரு."

அந்தப் பக்கம் தண்ணீர் பீய்ச்சும் சத்தம், யாரோ நடக்கும் சத்தம். பிறகு அவன் குரல், மரியாதையாக, மெதுவாக.

"சந்தோஷம் மாமா. ஆனா நான் குதிச்சு ஆறு மாசமாச்சு. படியில கூட வலது காலை வெச்சுத்தான் இறங்குறேன்."

"உன் கால் நல்லா இருக்குடா. நான்தான் தப்பாக் கேட்டேன்."

"உங்க காது தப்பாது மாமா."

"தப்பிருச்சு! தரைடா அது!"

"இங்க அடியில முழுக்கப் பாறை மாமா. கருங்கல்லு. அப்படியும் ஒவ்வொரு அடிக்கும் கேக்குது," என்றான் க்விதாஸ். "இருங்க, போனைக் கால்கிட்ட வெக்கிறேன். நீங்களே கேளுங்க."

ஜெனோனாஸ் மேசையைப் பிடித்துக்கொண்டார். போனிலிருந்து விரலால் தட்டும் சத்தம் வந்தது, ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. அவர் குனியவில்லை. இரண்டு கைகளாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டு, என் சமையலறையில் நின்று அழுதார்.