கப்பலில் ஏறிய பூனை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கத்திரி. அவளே அதைப் பட்டம் மாதிரி சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருந்தாள். மருத்துவரோ சமையல்காரரோ சதுரங்க வீரரோ, யாராவது ஒருவர் காமிரா முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிவிட்டுப் போவார். அதை அரை நிமிடத் துண்டுகளாக நறுக்கி இணையத்தில் விடுவது அவள் வேலை. பேசுகிறவர் "அது வந்து..." என்று இழுத்தால் அந்த இழுப்பு போய்விடும். எச்சில் விழுங்கினால் அதுவும் போய்விடும். "மூச்சு விட்டா பார்க்கறவன் ஓடிடுவான்மா" என்பார் முதலாளி. அவள் கை பட்ட பிறகு ஒருத்தரும் மூச்சு விட்டதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் எப்படிப்பட்டவர் தெரியுமா? சட்டையில் பொத்தான் அறுந்துபோனதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தச் சட்டையை வாங்கிய கடையிலிருந்து ஆரம்பிப்பவர். கடைக்காரருக்கு ஒரு மச்சினன் இருப்பான், அவனுக்கு ஒரு வழக்கு இருக்கும். எல்லாம் முடிந்துதான் பொத்தான் வரும். நடுநடுவே நிறுத்திவிட்டு எங்கேயோ பார்ப்பார். கேட்பவர் பாடு அவ்வளவுதான்.

அந்தப் பேச்சில் மயங்கித்தான் அவள் அவரைக் கட்டிக்கொண்டாள் என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு பேருந்து நிறுத்தத்தில், அவர் சொல்வது முடியவில்லையே என்று வந்த பேருந்தை எல்லாம் விட்டுக்கொண்டிருந்தவள் அவள். வீட்டில் திட்டு விழும் என்று தெரிந்தும் விட்டாள்.

கணவருக்குக் கப்பலில் எந்திர அறை வேலை. மாதக்கணக்கில் தண்ணீரிலேயே இருப்பார். துறைமுகத்தில் நின்றால்தான் குரல் செய்திகள் வரும், மூட்டை மூட்டையாக. முதலில் அவள் ஆசையாகக் கேட்டாள். பிறகு ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டாள். அதுவும் பொறுக்காமல் இரண்டு மடங்கு. கடைசியில், அலுவலகக் கணினியில் இடைவெளிகளைத் தானாகவே உறிஞ்சி எடுத்துவிடும் மென்பொருளில் போட்டு, சாற்றை மட்டும் தன் போனுக்கு அனுப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். அதில் அவளுக்குத் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. மருத்துவருக்கும் சதுரங்க வீரருக்கும் செய்வதைத்தானே வீட்டுக்காரருக்கும் செய்கிறோம் என்று நினைத்தாள்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவசரத்தில் விரல் ஒரு வரி தள்ளிப் பட்டுவிட்டது. தனக்கு அனுப்ப வேண்டியதைக் கணவருக்கே அனுப்பிவிட்டாள். அவருடைய பேச்சே, மூச்சில்லாமல், அவருக்கே திரும்பிப் போய்விட்டது. அழிப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

பதில் வந்தது. "இது நானா? படபடன்னு பேசறேனே! நல்லாத்தான் இருக்கு."

கோபப்பட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவர் கோபப்படவில்லை. அடுத்த துறைமுகத்திலிருந்து, "வந்து சேர்ந்தோம். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன்," என்று வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. வெட்ட ஒன்றுமில்லாத செய்திகள். சொல்லவே வெட்கம், முதலில் அவளுக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. போகப் போகத்தான் வீடு வெறிச்சென்று ஆனது. செய்தி வந்த சத்தம் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போடுவாள். உட்காருவதற்குள் அது முடிந்திருக்கும். மறுபடி போட்டுக் கேட்பாள். சாப்பிட்டேன் என்பார் மறுபடியும். என்ன சாப்பிட்டார், யாரோடு சாப்பிட்டார், பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு என்ன வழக்கு என்று ஒன்றும் தெரியாது.

நாத்தனார் அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்தார். கணவருக்கு மூத்தவர். ஒரு நாள் மாலை, கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுக்கலாம் என்று போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவள் கணவரின் குரல் கேட்டது. வெட்டு மேசை மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நாத்தனார் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பூனை இருக்கே அக்கா..." என்ற குரல் நின்றது. பின்னால் ஏதோ எந்திரம் உறுமியது. குரல் அவசரமே இல்லாமல் திரும்பி வந்தது. "...அது என்னைப் பார்த்த பார்வை இருக்கே!"

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கு வயிறு எரிந்தது. பூனை மேல் பொறாமைப்பட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"வாம்மா, வா. இந்தக் கூத்தைக் கேட்டியா? உனக்கும் அனுப்பியிருப்பானே?"

"ஆமாக்கா, கேட்டேன்."

"அந்தத் தொப்பி விஷயம்தான் உச்சம், இல்ல?"

"ஆமா ஆமா," என்று அவள் சிரித்துவைத்தாள். சிரிப்பு இடம் தப்பி விழுந்தது. நாத்தனார் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு வேலை ஜாஸ்தி, நேரம் இருக்காதுன்னு சொன்னான். உன்னைக் குறையா ஒண்ணும் சொல்லலைம்மா. இரு, உன் போனுக்குத் தள்ளி விடறேன்."

"வேணாங்க்கா."

அடுத்தவருக்குச் சொன்னதை வாங்கிக் கேட்க அவளுக்கு மனசில்லை. தனக்குச் சொல்ல வேண்டும். தன்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். கொண்டுவந்த கால்சட்டையைக் கொடுக்காமலேயே வீட்டுக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். இருமலா, மழையா, மின்கட்டணம் கட்டியாச்சா என்று பேச்சு மளமளவென்று முடிந்து, வைக்கப் போகிறார் என்று தெரிந்தது.

"என்னங்க, பூனைக் கதை சொல்லுங்க."

"அக்கா சொன்னாளா? ஒண்ணுமில்ல, சுருக்கமா சொன்னா, ஒரு பூனை கப்பல்ல ஏறிடுச்சு. இப்ப சமையல்கட்டுல இருக்கு."

"சுருக்கமா வேணாம்."

"உனக்கு வேலை இருக்குமே," என்றார் மெதுவாக.

"ஒரு வேலையும் இல்ல. சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு பழைய மாதிரி. பூனை ஏறிய துறைமுகத்துக்கும் முந்தின துறைமுகத்தில் தொடங்கினார். அங்கே மழை. கரையில் கப்பலைக் கட்டும் கயிறு நனைந்து, கையில் நிற்காமல் வழுக்குகிறது. அதைப் பிடித்திருக்கிறவனுக்குப் பல்வலி. ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவள் திரும்பி வந்துவிட்டாள் என்றே நினைத்தாள். அவ்வளவு சந்தோஷம்.

பல்வலிக்காரனை நினைத்து அவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். வழக்கமான நிறுத்தம்தான். அந்த இடைவெளியில் அவள் விரல் அவளைக் கேட்காமலே மடியிலிருந்த போனில் நகர்ந்தது. திரையில் ஒருவன் சுவருக்கு நீல வண்ணம் பூசினான். ஒரு குழந்தை சறுக்கி விழுந்தது. யாரோ சோப்பை நறுக்கினார்கள். விரல் தள்ள, அடுத்தது, அடுத்தது.

"...அன்னையிலிருந்து கேப்டன் அந்தத் தொப்பியைத் தலையில வைக்கிறதே இல்ல!"

கணவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

நடுவில் ஒன்றும் அவள் காதில் விழவில்லை. ஒட்டுப் போடத் தெரியாதவள் அல்ல. "ஐயையோ, அப்புறம்?" என்று இரண்டு வார்த்தை போட்டால் போதும், வெட்டுப்பட்ட இடம் யாருக்கும் தெரியாது. தினமும் அதைத்தானே செய்கிறாள். வாய் வரைக்கும் வந்தது.

"என்னங்க."

"ம்?"

"நடுவுல விட்டுட்டேன். கை போன்ல போயிடுச்சு. வேணும்னு பண்ணலை."

பின்னால் எந்திரம் உறுமுவது மட்டும் கேட்டது. சரி, அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிடுவார், இனி ஆயுசுக்கும் சாப்பிட்டேன், வந்து சேர்ந்தேன்தான் என்று நினைத்தாள்.

"எதுவரைக்கும் கேட்டே?" என்றார்.

"மழை. கயிறு வழுக்குது. அவனுக்குப் பல்வலி."

"அடிப்பாவி! அப்ப பூனையே இன்னும் வரலையே!"

"வரலை," என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "முழுசாக் கேப்பேன்னு சத்தியம் பண்ண முடியலைங்க. முன்ன மாதிரி எனக்கு வரலை. ஆனா விட்டா விட்டேன்னு சொல்றேன். திரும்பச் சொல்வீங்களா?"

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவள் போனைக் கவிழ்த்து மேசை மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

"அவனுக்குப் பல்வலின்னேன் இல்ல," என்று ஆரம்பித்தார். "அது எப்படி வந்ததுன்னா..."