பனியில் நட்ட எங்கள் மூங்கில்

எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில், ஆள் உயர மூங்கில் துண்டு ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. வெயிலும் பனியும் தின்று வெளுத்துப்போன மூங்கில். கணுவுக்குக் கணு, கிளையைச் சீவியெடுத்த வடு. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர்ச் சொம்பை நீட்டும் முன்பே நான் ஆரம்பித்துவிடுவேன்: “இது எங்க ஊட்டு மூங்கிலுங்க. இமயமலை வரைக்கும் போயிட்டு வந்திருக்குது!” பீற்றிக்கொள்கிறேன் என்று என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பீற்றாமல்? கொல்லிமலையில் வேறு யார் வீட்டில் இருக்கிறது இப்படி ஒன்று?

அதை நட்டவள் என் அக்கா. மிளகுத் தோட்டத்தில் வளர்ந்து, விடாமல் படித்து, பனியாறுகளை அளக்கும் குழுவில் போய்ச் சேர்ந்தவள். பனியாறு என்பது மலையிடுக்கில் காலங்காலமாகச் சேர்ந்து இறுகி, கண்ணுக்குத் தெரியாமல் கீழே நகர்ந்துகொண்டிருக்கும் பனிக்கட்டி. அதில் ஆழமாகத் துளை போட்டுக் கம்பு இறக்குவார்கள். கோடையில் பனி உருக உருகக் கம்பு வெளியே தெரியும். தெரிகிற நீளம்தான் உருகிய அளவு. கேட்பதற்குச் சுலபம். மூச்சு வாங்கும் உயரத்தில் கூடாரம் போட்டுக் கிடப்பவளுக்குத்தானே தெரியும் அதன் பாடு.

அந்தக் கம்புக்கு எங்கள் வீட்டிலிருந்தே மூங்கில் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். அங்கே கிடைக்காமலா? எல்லாம் அவளுடைய கர்வம்தான். ஆள் உயரத் துண்டுகள் போதும், ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி நிற்க வைப்போம் என்றாள். அப்பாவுக்குத் தெரிந்த மூங்கில் வேலை ஒன்றே ஒன்று. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க நாங்கள் ஒற்றை மூங்கிலில் ஏறுவோம். கணுவில் கிளையை அடியோடு சீவாமல் நாலு விரல்கடை விட்டு வெட்டினால் அதுவே படி. பனிமலையில் மகள் ஏறப்போகிறாள் என்று நினைத்து, பூச்சி அரிக்காமல் இருக்கத் தேய்பிறை பார்த்து வெட்டி, கால் வழுக்காதபடி ஒவ்வொரு கணுவிலும் படி விட்டுக் கொடுத்தார். அக்கா அவற்றை அப்படியே சாக்கில் சுற்றி, பஸ்ஸில் வளைவு வளைவாக இறங்கி, ரயிலேறிக் கொண்டுபோனாள். அங்கே போய்ப் பார்த்தால் துளைக்குள் மூங்கில் நுழையவில்லையாம். கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். விறைத்த கையோடு உட்கார்ந்து படிகளை ஒவ்வொன்றாகச் சீவியிருக்கிறாள்.

கோடை முடிந்து திரும்பியபோது, முழுசாக வெளியே வந்துவிட்ட மேல் துண்டைக் கழற்றி எடுத்து வந்தாள். அன்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் உளறியும் விட்டாள்: பனி மூடிய பிளவில் கூட வந்தவர் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டார், கயிறு இருந்ததால் பிழைத்தார் என்று. அப்பா தட்டில் கையைக் கழுவினார். “போதுங் கண்ணு. இனிமே அங்க போவ வேண்டாம்.” அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அக்கா முகம் செத்துப்போனது. கம்புகளின் கணக்கு அவள் பொறுப்பு. அடுத்த கோடையில் அவள் இல்லையென்றால் அத்தனையும் பாழ்.

மறுநாள் காலை அந்தத் துண்டை வாசலில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். அப்பா வந்ததும் வடுவைத்தான் தடவினார்.

“ஏறுறதுக்குத்தான கண்ணு உட்டேன்? எதுக்குச் சீவுன?”

“நாம ஏறுறதுக்கு இல்லீங்கப்பா. பனிதான் இதுல இறங்குது.” உச்சிக் கணுவைக் காட்டினாள். “நட்டப்ப இங்க இருந்துச்சு. நான் கெளம்பறப்ப இந்த அடிக் கணுவுக்கும் கீழ போயிருச்சுங்க.”

பிறகு சாமை கொட்டி வைக்கும் எங்கள் குதிர் ஒன்றைக் காட்டிச் சொன்னாள். குளிர்காலத்தில் மேலே விழும் பனி, போடுகிற சாமை. கோடையில் உருகுவது, எடுக்கிற சாமை. சூடு கூடக்கூடப் போடுவது குறைந்து எடுப்பது ஏறுகிறது. இன்றைக்கே சூடு நின்றாலும் பனியாறு உடனே நிற்காது, பட்ட சூட்டுக்கு இன்னும் பல வருடம் சுருங்கிக்கொண்டே இருக்கும் என்றாள்.

“நீ போயி அளந்தா உருகறது நின்னுருமா?”

அக்கா அசரவில்லை.

“நிக்காதுங்கப்பா. ஆனா நான் போவலீன்னா கம்பெல்லாம் சாஞ்சிரும். எவ்வளவு போச்சுன்னே யாருக்கும் தெரியாமப் போயிரும்.”

அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார். அவள் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியும் போகலாம் என்று சொல்லவில்லை. தேய்பிறை வந்ததும் அருவாளை எடுத்துக்கொண்டு மூங்கில் புதருக்குப் போனார். மாலையில் வாசலில் ஒரு கட்டு மூங்கில் கிடந்தது. எல்லாக் கணுவும் உள்ளங்கை போல வழுவழுவென்று இருந்தது.

“நானே சீவிட்டேன் கண்ணு. அந்தக் குளிருல கத்தியப் புடிச்சுட்டு உக்காராத.”

அக்கா அழுதாள். நானும்தான், மறைப்பானேன்.

இப்போதும் வருடா வருடம் கட்டு போகிறது. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் என் வண்டியில்தான். என்ன கட்டு என்று யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொள்கிறார்: “எம்புள்ள பனியில நடறதுங்க.” பீற்றிக்கொள்வதில் என்னை மிஞ்சிவிட்டார்.

போன வாரம் அக்கா போன் செய்து இந்த முறை கம்பை இன்னும் ஆழமாக இறக்க வேண்டும், துண்டுகள் கூடுதலாக வேண்டும் என்றாள். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு முன்னறைக்குப் போய், வெளுத்த மூங்கிலின் அடிக் கணுவில் கொஞ்ச நேரம் கை வைத்திருந்தார். பிறகு அருவாளைத் தீட்ட உட்கார்ந்தார்.