‘ஏனுங்க அண்ணன்’ வேடம் போட்ட சுபோத்

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. “கண்ணு, சுபோத் போயிட்டாராம்” என்றார் அம்மா. சுபோத் அண்ணன் நெருப்பெரிச்சல் என்ற எங்கள் ஊரின் பனியன் கம்பெனியில் பிரிண்டிங் வேலை பார்த்த ஒடிசாக்காரர், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். என்னைப் ‘புத்தகக் கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் வீட்டு டிவியில் பழைய காமெடி ஓடினால் வந்து உட்கார்ந்துவிடுவார். வடநாட்டு சேட்டு ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று பேசுவதற்கு எங்களைவிடச் சத்தமாகச் சிரிப்பார். “ஏனுங்கக்கா, இது எந்த ஊருப் பேச்சுங்க? எங்கூர்ல இப்படிப் பேசுனா நாய் தொரத்துமுங்க” என்பார்.

கம்பெனிகளுக்கிடையே நடந்த கிரிக்கெட் போட்டிக்கு எதிரணி, வடநாட்டுத் தொழிலாளியைக் கிண்டல் செய்ய ‘பான் பையா’ என்று ஒரு பொம்மைத் தலையைக் கொண்டுவந்தது. துருத்திய பல், சிவந்த வாய். விக்கெட் விழும்போதெல்லாம் அதை மாட்டியிருந்தவரைப் பின்னால் உதைப்பார்கள். மைதானமே சிரிக்கும். சுபோத் அண்ணனும் சிரித்தார். “நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ஜோக்கு பாதியில நிக்குதுங்க” என்றார்.

மீதிப் பாதியை இறுதிப் போட்டிக்கு அவரே தைத்து வந்தார். வேஸ்ட் பனியன் துணியில் முறுக்கு மீசைத் தலை, வெள்ளை வேட்டி, அக்குளில் பஞ்சுத் தடி. பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடும் எங்கள் ஊர்க்காரர் வேடம், பெயர் ‘ஏனுங்க அண்ணன்’. பான் பையாவின் முன் குனிந்து கும்பிட்டு, “ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. ஒரே ஒரு அடி போட்டுக்கட்டுங்களா?” என்று கேட்டுவிட்டு விளாசினார். நான் உட்கார்ந்திருந்த அவர் கம்பெனிப் பக்கம் வயிறு வலிக்கச் சிரித்தது.

எதிர்ப்பக்கத்தில் ஒருவர் எழுந்தார். “டேய், உள்ள இருக்கறது வடக்கன்டா. நம்மளயே நக்கல் பண்றான்!”

தலையைப் பிடுங்கி எறிந்தார்கள். ஸ்டம்ப்பால் மண்டையில் அடித்தார்கள். விழுந்தவரின் விலாவை ஷூக்காலால் மிதித்தார்கள். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. பான் பையாவும் ஓடிவந்து உதைத்தான். அவன் தலையைக் கழற்றவே இல்லை. அந்தப் பெரிய பல் சிரித்துக்கொண்டே இருந்தது.

அவர் சாவதற்கு முந்தைய நாள் மாலை, பள்ளிச் சீருடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீங்கிய உதட்டருகே குனிந்தேன். “என் ஜோக்கு தப்புங்க, புத்தகக் கண்ணு. அடிக்கறப்ப ஒருத்தருமே ‘ங்க’ போடல” என்றார். சிரிக்கப் போய் இருமினார். இருமலில் ரத்தம் வந்தது.

வேடத்தோடு தடுக்கி விழுந்து இறந்தார் என்று எதிரணிக் கம்பெனிக்காரர்கள் இப்போது சொல்கிறார்கள். பார்த்தவர் யாராவது வருவாரா என்று அவருடைய தம்பி காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார். “வாய மூடு கண்ணு. அவங்க கம்பெனிலதான் அப்பாவுக்கு வேலை” என்கிறார் அம்மா.

சுபோத் அண்ணனின் சிரிப்பு எனக்கு வராது. எதிரே இருப்பவர் முகம் மாறினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் அவருடைய பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் தடுக்கி விழவில்லை. முதலில் ஸ்டம்ப்பைப் பிடுங்கியவரை எனக்கு அடையாளம் தெரியும். நாளைக் காலையில் காவல் நிலையத்துக்கு, சுபோத் அண்ணனின் தம்பியிடம் போகிறேன். அன்று மைதானத்தில் என்னோடு சிரித்தவர்களே, நீங்களும் வாருங்கள்.