ஹால்ட் கேட்ட ஊர்

கம்பெனி ஆண்டு விழாவுக்கு மதில் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். லட்டுப் பெட்டியோடு ஒரு விழா மலரும் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் ஊர் வரலாறு. 'தொழிற்சாலைகள் வருமுன் இங்கே முட்காடுதான் இருந்தது.' கடித்த லட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

முட்காடா? எங்கள் நாற்பது வீடுகள் இருந்த இடம் அது. தண்டவாளத்துக்கு மேற்கே ஸ்டேஷன், கடைத்தெரு, பள்ளிக்கூடம் எல்லாம். கிழக்கே, ஸ்டேஷனுக்கு இரண்டு மைல் தள்ளி நாங்கள். கரிவண்டி எங்கள் கூரைமேல் புகையை மட்டும் இறக்கிவிட்டுப் போகும். வலி கண்ட பெண்ணைக்கூட ஜல்லிமேல் நடத்தித்தான் கூட்டிப்போனார்கள். என் அக்கா பாதி வழியில், சிக்னல் கம்பத்தடியில் பெற்றாள். பிள்ளைக்குச் 'சிக்னல்' என்றே பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. சிரித்தோம்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் என்னைப் பெற்ற நைனா எல்லோரிடமும் கைநாட்டு வாங்கி, வண்டி நிற்க ஒரு ஹால்ட் கேட்டு மனு போட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம், சர்வேயர் ஒருவர் அளவுச் சங்கிலியும் சிவப்புக் கொடியுமாக வந்தார். சிவப்புக் கொடி என்றால் எங்களுக்கு ரயில்வேதான்.

"இஸ்டேஷன் எப்போ சார் வரும்?" என்றார் நைனா.

"எல்லாம் வரும். சங்கிலிய இழுத்துப் புடி."

மூன்று நாள் நைனா சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தார். கல் நட்டார், அதற்குச் சுண்ணாம்பு அடித்தார். சித்தப்பா என்னைப் பார்த்து, "பிளாட்பாரம் வர்து, செருப்பு வாங்கி வெச்சிக்கமே" என்றார். சர்வேயருக்கு நண்டுக் குழம்பு வைத்தது நான்.

மூன்றாம் நாள் சங்கிலி கேழ்வரகுக் கொல்லையைத் தாண்டி, எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஏரிக்கரைவரை போனது.

"நைனா, வண்டி நிக்க இம்மாந்தூரம் எதுக்கு?" என்றேன்.

"சும்மா கெட. கேட்டா மனுவக் கிழிச்சிடுவான்."

நானோ, ரயிலில் வந்தது எந்த ஸ்டேஷன் என்று பக்கத்து ஆளிடம் கேட்கக் கூசி, இறங்காமல் சூளூர்ப்பேட்டைவரை போய்த் திரும்பியவள். சர்வேயரிடம் நான் எங்கே கேட்பது? இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அந்தக் கரண்டியை நினைத்தால் இன்றும் கை எரிகிறது.

ஆறு மாதத்தில் நோட்டீஸ் வந்தது. ஹால்ட் இல்லை, தொழிற்பேட்டை. பட்டா இல்லாத வீடுகளைக் காலி செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்கும் பட்டா கிடையாது. தாலுகா ஆபீசுக்குச் சண்டைக்குப் போன நைனா முன்னால் ஓர் அதிகாரி வரைபடத்தை விரித்தார்.

"எல்லைக்கல்ல நட்டதே நீதானய்யா?"

அதன்பின் நைனா யாரிடமும் எதையும் கேட்டதில்லை. தண்ணீர்கூடத் தானே எழுந்துபோய் மொண்டு குடித்தார்.

எங்கள் அடுப்படி இருந்த இடத்தில்தான் நான் இப்போது இந்தக் கம்பெனிக்குப் பாட்டில் கழுவுகிறேன். கரிவண்டி போய் மின்சார வண்டி வந்துவிட்டது. அதுவும் இங்கே நிற்பதில்லை. இரண்டு மைலும் நடைதான். ஏரி இல்லை, கொல்லை இல்லை, நாற்பது வீட்டில் ஒரு சுவர் இல்லை. மதில் மூலையில் ஒரு எல்லைக்கல் மட்டும் நிற்கிறது. விழாவுக்காக அதற்கும் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.

அந்தக் கல்லுக்கு முதன்முதலில் சுண்ணாம்பு அடித்தவர் எந்த முட்காட்டில் இருந்து வந்தார் என்று அந்த மலரில் எழுதட்டும்.