வாசலில் தலைகீழாகத் தொங்கிய கற்றாழை

எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. எர்ணாவூரில், காயப்போட்ட துணியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிகிற மூன்றாவது மாடியில், மல்லியையும் ரோஜாவையும் பூக்க வைத்தவள் நான். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர் வேறு. சும்மாவா?

அதனால்தான் கல்லூரித் தோழி அந்தக் கன்றை என்னிடம் கொடுத்தாள். காட்டுக் கற்றாழையில் ஒரு வகை. தெற்கே ஒரே ஒரு பாறைக்குன்றில் மட்டும் தானாக முளைப்பது. அங்கேயும் மிச்சமிருப்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் வேலை பார்க்கும் தாவரவியல் தோட்டத்தில் வளர்த்த மூன்று கன்றுகளை மூன்று பேரிடம் கொடுத்து, தேறியதும் குன்றிலேயே கொண்டுபோய் நடுவதாகத் திட்டம்.

"ஒண்ணு போனாலும் போச்சுடி," என்றாள்.

"என்கிட்ட கொடுத்துட்டல்ல, நிம்மதியாப் போ," என்றேன்.

இரண்டே மாதத்தில் மற்ற இரண்டும் பட்டுப்போயின. பயந்துபோய் என் கன்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். கற்றாழைக்கு அதிகத் தண்ணீர் ஆகாது என்று வகுப்பில் சொல்லித் தருபவளே நான்தான். கை கேட்கவில்லை. ஒரு நாள் காலை அடி இலைகள் கொழகொழத்துப் போயின. பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒன்றுகூட இல்லை, அடி கறுத்து அழுகியிருந்தது. அழுகலை வெட்டி எறிந்து, மிச்சத்தைச் சமையல் மேடையில் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். பஸ்ஸில் அழுகை வந்தது.

சாயங்காலம் வந்தால், அந்தக் கன்று எலுமிச்சம்பழம் மிளகாயோடு கறுப்புக் கயிற்றில் வாசலுக்கு மேலே தலைகீழாகத் தொங்குகிறது. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் என் கணவரின் வேலை.

"இன்னா இது?" என்று கத்தினேன்.

"கத்தாழதானேமே? சும்மா கெடந்துச்சு. வூட்டு மேல கண்ணு படக்கூடாதுன்னு கட்னேன்."

உலகத்திலேயே ஒரு குன்றில் மட்டும் வளரும் செடி, எங்கள் வீட்டுத் திருஷ்டிக்கு! இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. செத்ததை இறக்கி என்ன ஆகப்போகிறது என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் பூட்டைத் திறக்கும்போது தற்செயலாக நிமிர்ந்தேன். கீழே பார்த்துத் தொங்கிய இலைகளின் நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. வெட்டிய இடம் நன்றாகக் காய்ந்து, அதிலிருந்து வெள்ளையாக இரண்டு வேர்.

மணலில் வைத்துத் தேற்றி, தோட்டத்தில் ஒப்படைத்தேன். குன்றில் நட்ட அன்று தோழி போன் செய்தாள். "எப்படிடி காப்பாத்தின?"

டீச்சராயிற்றே, நீளமாக விளக்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு போனைக் கணவரிடம் நீட்டினேன்.

"நான் ஒண்ணியும் பண்லம்மா," என்றார். "இவ தண்ணி ஊத்த முடியாத எடத்துல கட்டி வெச்சேன், அவ்ளோதான்."